அப்பாயி பாடும் முன்னே கேட்கும் குரல்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, பழைய கேசட்டை எல்லாம் பெண்டிரைவுல ஏத்திக் கொடுக்கிறது நீங்கதானே? எங்க அப்பாயி பாடின தாலாட்டு ஒண்ணு இருக்கு. 1984-ல, தோட்டத்துல இருந்தப்ப அப்பா பிடிச்சு வச்சது. ஆனா அதுல ஒரு விஷயம். அப்பாயி பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க குரல் கேக்குது. ரொம்ப மெதுவா, எங்கேயோ தூரத்துல இருந்து. ராகம் தெரியுது, வார்த்தை தெரியலை. அண்ணன் அதைத் தொடவே வேணாங்கிறாரு."

அந்த இடத்திலேயே பதில் சொல்ல ஆசைதான். கையில் மீன் பை. "சனிக்கிழமை கொண்டு வாங்கக்கா, அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே குரலைக் கேட்டுப் பயந்த வேறு வீடுகளும் எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. அந்தக் குரல் உண்மையாகவே நாடாவில் இருக்கிறது. அக்காவின் காதில் கோளாறு இல்லை, மனப்பிரமையும் இல்லை. அப்பாயி வாய் திறக்கும் முன்னே அவருடைய பாட்டு அங்கே பதிந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதை 'பிரிண்ட் த்ரூ' என்பார்கள். நான் முன்குரல் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

கேசட் நாடாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மெல்லிய பாலியெஸ்டர் பட்டை, அதன் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடு துகள் பூச்சு. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அளவுகளே கடைசி வரை நின்றன: அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓட்டம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஒலி மின்சாரமாகி, மின்சாரம் நாடாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் காந்தமுனையான ஹெட்டில் காந்தப்புலமாகி, ஓடும் நாடாவில் உள்ள துகள்களின் காந்தத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி வைக்கிறது. கேட்கும்போது இதுவே மறுதிசையில் நடக்கிறது. சரி, இது பள்ளியில் படித்த காந்தவியல்தான்.

இனி நாடா சுருளாகச் சுற்றிக் கிடக்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அழுந்திப் படுத்திருக்கிறது. 60 நிமிடக் கேசட்டில் நாடாவின் மொத்தக் கனமே சுமார் 18 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அந்த இடைவெளிக்கு அப்பால் அப்பாயியின் பாட்டு காந்தமாக உட்கார்ந்திருக்கிறது. காந்தம் என்றால் அதைச் சுற்றிப் புலம் இருக்கும். அந்தப் புலம் அடுத்த சுற்றில் உள்ள துகள்களைத் தொடுகிறது. மிகவும் பலவீனமான தொடுகைதான், நல்ல துகளை அதனால் அசைக்க முடியாது.

ஆனால் பூச்சில் எல்லாத் துகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஊசி வடிவத் துகள் ஒவ்வொன்றும் தன் காந்தத் திசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வலிமை அதன் பருமனைப் பொறுத்தது. பெரியது உறுதியாக நிற்கும், மிகச் சிறியது சாதாரண வெப்பத்தின் அதிர்வுக்கே ஆடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். லேசான காற்றுக்குச் செம்பனை அசையாது, கீழே இருக்கும் லாலான் புல் காற்று போகும் பக்கம் சாய்ந்துவிடும். வெப்பம் அந்தச் சிறு துகள்களை ஆட்டிக்கொண்டே இருக்க, அடுத்த சுற்றின் மெல்லிய புலம் அவற்றை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. பதிவு செய்த முதல் சில நாட்களில் இது வேகமாக நடக்கும், அப்புறம் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டு போகும். சூடு ஏறினால் அதிகமாகும். தகரக் கூரை போட்ட லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), அலமாரி உச்சியில், மதிய வெயிலில் கிடந்த கேசட்டுக்கு இதைவிட வேறென்ன நடக்கும்!

இப்படி ஒவ்வொரு சுற்றும் தனக்கு மேலும் கீழும் உள்ள சுற்றுகளில் தன் நிழலை விடுகிறது. பாட்டுக்குப் பின்னால் விழும் நிழல் பாட்டின் சத்தத்திலேயே மறைந்துபோகும். பாட்டு தொடங்குவதற்கு முந்திய மௌனத்தில் மறைக்க எதுவும் இல்லை. அதனால் முன்னால் விழுந்த நிழல் மட்டும் காதில் விழுகிறது.

ராகம் தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை என்றார் அக்கா. இதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. இந்த நிழல் எல்லா ஒலியையும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. உச்ச ஒலிகள் நாடாவில் மிகக் குட்டையான அலைகளாகப் பதிகின்றன. அவற்றின் புலம் நாடாவை விட்டு வெளியே வந்த உடனே தேய்ந்துவிடும், அடுத்த சுற்றை எட்டாது. மிகத் தாழ்ந்த ஒலிகளின் அலைகள் நீளமானவை, அவை வெளியே விடும் புலமே கொஞ்சம்தான். நடுவில் ஒரு நீளம் இருக்கிறது. நாடாவின் கனத்தைப் போல 2π மடங்கு, அதாவது ஆறேகால் மடங்குக்குச் சற்று மேல், நீளமுள்ள அலைதான் அடுத்த சுற்றில் அதிகமாகப் பதியும். 18 மைக்ரானுக்கு அது சுமார் 113 மைக்ரான். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் அந்த நீளம் ஏறக்குறைய 420 ஹெர்ட்ஸ் ஒலி. ஒரு பெண் தாலாட்டை இழுத்துப் பாடும்போது குரல் நிற்கிற வட்டாரம் அது! சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளில் பெரும்பகுதி அதற்கு மேலே, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருப்பதால் அவை கடந்து வருவதில்லை. மிஞ்சுவது ராகம் மட்டும். அக்கா இயற்பியல் படித்தவரில்லை. ஆனால் காதால் கேட்டுச் சரியான முடிவைச் சொல்லிவிட்டார்.

பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்களும் இப்படி ஒன்றைக் கேட்டிருக்கலாம். அங்கே காந்தம் கிடையாது. தட்டு தயாரிக்கும்போது வெட்டும் முள் ஒரு வரியை, அதாவது பாட்டு பதியும் பள்ளத்தை, அழுத்தமாக வெட்டும்போது பக்கத்து வரியின் சுவரும் லேசாக நெளிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஆகவே பாட்டுக்குச் சரியாக 1.8 வினாடி முன்னால் ஒரு மெல்லிய பாட்டு கேட்டால் அது வரியின் வேலை. வேறு இடைவெளி வந்தால், தட்டு வெட்ட எடுத்த மூல நாடாவிலேயே நிழல் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அண்ணன் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க பாருங்க தம்பி, நான் இங்கேயே இருக்கேன்."

கேசட்டைத் திறந்து பார்த்தேன். பூஞ்சைக் காளான் இல்லை, அதுவே பெரிய நிம்மதி. நம் ஊர் ஈரத்தில் சுருள் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஓட்டவே கூடாது, ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து மாற்றினேன். ஹெட்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஓடவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலான குரல். அக்கா முகம் வாடிவிட்டது. "டேப் போச்சா தம்பி?"

நாடா நன்றாகத்தான் இருந்தது. ஹெட்டில் ஒரு மெல்லிய பிளவு உண்டு. நாடா ஓடும் திசைக்கு அது சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாதாரண மோனோ ரெக்கார்டரில் நாடாவில் ஒலி பதியும் தடத்தின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். பிளவு ஒரு டிகிரியில் கால் பங்கு சாய்ந்தால் போதும், தடத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இடையே ஆறரை மைக்ரான் வித்தியாசம் வந்துவிடும். 7000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நாடாவில் 6.8 மைக்ரான்தான். மேல் ஓரம் அலையின் ஏற்றத்தைப் படிக்கும்போது நடுப்பகுதி இறக்கத்தைப் படிக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. குரலின் கூர்மை முழுவதும் அப்படியே காணாமல் போகிறது.

சரி, ஹெட்டை நேராக வைத்தால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. அப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வோடுதான் பாட்டு பதிந்திருக்கிறது. அளவு பார்த்து நேராக்கிய விலை உயர்ந்த டெக்கில் (கேசட் ஓட்டும் பெட்டி) அது மங்கித்தான் கேட்கும். 1984-இல் அந்த லயத்து வீட்டில் இருந்த பெட்டி எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ, என் ஹெட்டையும் அதே கோணத்துக்குச் சாய்க்க வேண்டும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் அதற்கென்றே ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. ஓடும்போதே திருப்புளியை வைத்து முடி அளவு திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். திடீரென்று போர்வை விலகியது. "ஆராரோ" என்று இழுத்த குரலுக்குப் பின்னால் தூளியின் கயிறு உத்தரத்தில் உரசும் கிறீச் சத்தமும் வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

இந்தத் திருகாணியைத் தொடாமல் ஏற்றிய கோப்புகளை நிறையப் பார்க்கிறேன். மங்கலாக ஏற்றிவிட்டு, பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார்கள். ஹெட் படிக்காத ஒலி கோப்பில் இல்லை, இல்லாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. நல்ல வெளிச்சம் உள்ளபோதே படம் எடுக்க வேண்டும் என்பது போல, நாடாவை நன்றாக ஓட்டும்போதே பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் சுலபம்: வினாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிகாபைட் ஆகும். அதைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3 நகல் எடுத்துக்கொள்ளலாம்.

முன்குரலைக் குறைக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. கேட்பதற்கு முன் நாடாவை இரண்டு மூன்று தடவை முழுக்க ஓட்டிச் சுற்றினால், சுருளின் அழுத்தம் மாறி, நாடா வளைந்து நிமிர்ந்து, சாய்ந்திருந்த அந்தச் சிறு துகள்களில் ஒரு பகுதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். லாலான் நிமிர்வது போலத்தான். அப்பாயியின் சொந்தப் பாட்டு உறுதியான துகள்களில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் இதே குரலைக் கேட்டுவிட்டு, பெரியவரின் அஸ்தியோடு கேசட்டையும் ஆற்றில் விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இறந்தவரின் குரல் எதிர்பாராத இடத்தில் வந்தால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். இதற்குக் காரணம் இருக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் ஒருவர் இல்லாமல் போனதுதான் குறை. பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பு) போன காலத்துக் கதை, பால்மரக் காட்டில் பாடிய பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று எவ்வளவோ இந்தக் கேசட்டுகளில்தான் இருக்கின்றன, எழுத்தில் இல்லை. யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019-இல் காந்த நாடா பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டமே நடத்தின. நாடாவை விட, அதை ஓட்டும் இயந்திரங்களும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் முதலில் தீர்ந்துபோவார்கள் என்பதுதான் அதன் சாரம். தோட்டத் தமிழர் வரலாற்றை ஆராயப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதில் ஒரு பங்கையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். ஒரு பட்டணத்துக்கு நல்ல நிலையில் இரண்டு டெக், ஒரு கணினி, சம்பளத்தோடு ஒரே ஓர் ஆள் இருந்தால் சில வருடங்களில் அந்த வட்டாரத்துக் கேசட் அத்தனையும் ஏறிவிடும். என் உறுதியான கருத்து இது.

அண்ணன் கதவருகில் வந்து நின்றிருந்தார். அவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "மெல்லிசாக் கேக்கிறப்ப ஒரு தடவை அழுத்துங்கண்ணே, பெரிசாக் கேக்கிறப்ப மறுபடி அழுத்துங்க" என்றேன். நாலைந்து தடவை அளந்தார். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை வினாடிக்குச் சற்று முன்பின்.

எதற்கு அளக்கச் சொன்னேன் என்றால், நிழலுக்கும் குரலுக்கும் இடையே உள்ளது சுருளின் ஒரே ஒரு சுற்று. உள்ளே உருளையோடு ஒட்டிய சுற்று சுமார் 7 சென்டிமீட்டர், ஓட ஒன்றரை வினாடி ஆகும். முழுச் சுருளின் வெளிச் சுற்று 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மூன்றேகால் வினாடிக்கு மேல். தாலாட்டு இருப்பது ஏ பக்கத்தின் தொடக்கத்தில். திருப்பிச் சுற்றி வைத்திருந்தால் அது வெளிச் சுற்றில் இருந்திருக்கும், இடைவெளி மூன்று வினாடிக்கு மேல் வந்திருக்கும். ஒன்றரை வினாடி வருவதால் அத்தனை வருடமும் அது உள் சுற்றில் கிடந்திருக்கிறது. யாரோ ஏ பக்கத்தை முழுவதும், கடைசி வரை கேட்டுவிட்டு, திருப்பிச் சுற்றாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.

அண்ணன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்பாதான்" என்றார். "பிஸ்கட் டின்ல, அவர் கட்டிலுக்குக் கீழே இருந்துச்சு. அவர் போனப்புறம் நாங்க யாரும் எடுக்கலை. போன வருஷம் தங்கச்சிதான் எடுத்துச் சுத்திப் போட்டுக் கேட்டா."

முன்குரலைக் கோப்பிலிருந்து வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. வேண்டாம் என்று அண்ணன்தான் முதலில் சொன்னார். நாற்காலியை உள்ளே கொண்டு வந்து போட்டுக்கொண்டார். கேசட்டைத் திருப்பி பி பக்கத்தைப் போட்டோம்.