மாலை போடும் முன் மருத்துவரைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்ததும் எங்கள் மனநலப் பிரிவுக்குக் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் சிலரை அழைத்து வருவார்கள். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர்கள், சபரிமலை விரதத்துக்காக ஒரே நாளில் நிறுத்தியிருப்பார்கள். சிலருக்கு மறுநாளே வலிப்பு வந்திருக்கும். சிலர் மூன்றாம் நாள் இரவில், சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறி வீட்டை விட்டு ஓடியிருப்பார்கள். விரதத்தில் ஏதோ குறை, சாமி குற்றம் என்று குடும்பமே கலங்கி நிற்கும்.

சாமி குற்றம் எதுவும் இல்லை. மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட, தினமும் குடிப்பவரின் மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகிறது. மது திடீரென்று நின்றதும், அந்தக் கிளர்ச்சி மட்டும் எதிர்ப்பின்றி மிஞ்சுகிறது. முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்ற கடும் மனக்குழப்பம் வரும். இருக்கும் இடம் தெரியாது, பெற்ற பிள்ளையின் முகம் தெரியாது. காய்ச்சலும் நாடித்துடிப்பும் எகிறும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

குடித்ததால் வலிப்பா, நிறுத்தியதால் வலிப்பா என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் வாதிட்டது. அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர், போதைக்கு அடிமையாகி இருந்த சிறைக்கைதிகளுக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் மது கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். நீண்ட நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்தன. 1955இல் வெளியான அந்த ஆய்வு, சத்துக்குறைவு இல்லாமலே, நிறுத்தியதாலேயே இவை வரும் என்று காட்டியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படி ஓர் ஆய்வை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

விரதம் மட்டுமே காரணம் இல்லை. விபத்தில் கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவருக்கும் அன்றிலிருந்தே மது நின்றுவிடுகிறது. 'குடிப்பாரா, கடைசியாக எப்போது குடித்தார்' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும் மனைவி வெட்கப்பட்டு மறைத்திருப்பார். தயவுசெய்து மறைக்காதீர்கள். அந்த ஒரு தகவல் அவர் உயிரைக் காக்கும்.

சிகிச்சை பெரிய செலவில்லாதது. லோரசெபாம், டயசெபாம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கி, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. களைத்துக் கிடக்கிறார் என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றாமல், தயமினையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அது குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இந்த மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

2020 ஊரடங்கில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று கேரள அரசு ஆணையிட, உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன். மருத்துவர் எழுத வேண்டியது மதுவை அல்ல, மேலே சொன்ன மருந்துகளை. ஆனால் அதைக் கொடுக்கும் இடங்கள் எத்தனை? மதுவைச் சார்ந்து வாழ்வோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்று எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் சொன்னது. கடையை மூடுவது பற்றிப் பேசும் கட்சிகள், வட்ட மருத்துவமனைதோறும் இதற்கென நான்கு படுக்கைகள் ஒதுக்குவது பற்றியும் பேச வேண்டும் என்பது என் கோரிக்கை.

மாலை போட, காப்புக் கட்ட, கோயிலில் சத்தியம் செய்ய முடிவெடுத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நல்ல மனதைப் பாராட்டுங்கள். நிறுத்தும் முன்பே அவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கு போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் கேளுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டு, கை நடுங்கி, பேச்சு தடம் மாறுகிறது என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.