நியூட்ரானை எண்ணினால் புளூட்டோனியத்தை அளந்ததாகிவிடுமா?

மறுபடியும் அதே மாதிரி ஓர் அறிக்கை. அணுக்கழிவு அடைத்த 200 லிட்டர் டிரம்மிலிருந்து வந்த மொத்த நியூட்ரான் எண்ணிக்கையை ஒரு மாறிலியால் வகுத்து, 'புளூட்டோனியம் இத்தனை கிராம்' என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. உள்ளே இருந்தது புளூரைடு கலந்த கழிவு. கிராம் கணக்கு எங்கேயோ போய் நிற்கிறது.

நியூட்ரான் நெற்றியில் ஊர் பேர் எழுதிக்கொண்டு வருவதில்லை. எல்லோரும் கவலைப்படுகிற புளூட்டோனியம்-239 ஒரு கிராம் இருந்தால், தன்னிச்சைப் பிளவில் (அணுக்கரு தானாகவே உடைவதில்) விநாடிக்கு 0.02 நியூட்ரான்தான் வரும். புளூட்டோனியம்-240 ஒரு கிராமோ ஆயிரத்துக்கு மேல் கொட்டும். ஆக, கருவி பார்ப்பது பெரும்பாலும் 240-ஐத்தான். 239, 240 என்ற வகைகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்ற ஐசோடோப்பு விகிதத்தைக் காமா நிறமாலையில் எடுக்காமல் மொத்தப் புளூட்டோனியத்தைச் சொன்னால் அது வெறும் ஊகம்.

அதோடு விட்டதா? ஆல்பா துகள் புளூரின், ஆக்சிஜன், பெரிலியம் அணுக்கருவில் மோதினாலும் நியூட்ரான் கிளம்பும். ஆனால் அது ஒற்றையாக வரும். பிளவில் பிறப்பவை கூட்டமாக வரும், 240-க்குச் சராசரி 2.16. அதனால்தான் உடனிகழ்வு எண்ணிக்கை, அதாவது ஏறக்குறைய ஒரே நேரத்தில் சேர்ந்து வருபவை எத்தனை என்று பார்க்கிறோம். அதையும் கியூரியம்-244 ஏமாற்றிவிடும்: ஒரு கிராமுக்கு விநாடிக்கு ஒரு கோடிக்கு மேல், அதுவும் கூட்டமாகவே. ஒரு மைக்ரோகிராம் கலந்திருந்தால் போதும், சுமார் 10 மில்லிகிராம் 240 இருப்பதுபோலக் காட்டும்.

"நியூட்ரானைப் பிடித்து எண்ணுகிற ஹீலியம்-3 குழாய் இன்னும் நாலு போடுங்களேன்" என்பார்கள். போடலாம். இரண்டு நியூட்ரானும் சிக்கினால்தான் ஒரு ஜோடி. ஒரு நியூட்ரானைப் பிடிக்கும் திறன் 10 சதவீதமானால் நூறு ஜோடிக்கு ஒன்று, 20 சதவீதமானால் நான்கு. ஆனால் எல்லாக் குழாயையும் பக்கச் சுவரிலேயே அடுக்கிவிட்டு மேலும் கீழும் திறந்து விட்டால், டிரம்மின் அடியில் கிடக்கிற பொருளுக்கு ஒரு கணக்கு, நடுவில் கிடப்பதற்கு இன்னொரு கணக்கு. நியூட்ரானின் வேகத்தைத் தணிக்கக் குழாயைச் சுற்றி வைக்கும் பாலித்தீனின் தடிமனும் அப்படித்தான். குறைந்தால் நியூட்ரான் வேகம் தணியாமல் வெளியே ஓடும், கூடினால் குழாயை எட்டுமுன்பே பாலித்தீனில் இருக்கும் ஹைட்ரஜன் விழுங்கிவிடும். (ஹீலியம்-3 டிரிட்டியம் சிதைவிலிருந்து வருவது; விலை கேட்டபின் குழாயின் இடத்தைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை வந்துவிடுகிறது.)

ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் திணித்த டிரம்மும் அதே ஹைட்ரஜனால் குறைத்துக் காட்டும். அதற்குத்தான் வெளியே நியூட்ரான் உமிழும் சிறு கலிபோர்னியம்-252 மூலத்தை வைத்து, டிரம் அதன் எண்ணிக்கையை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்த்துத் திருத்துகிறோம். அதன் அரை ஆயுள் சுமார் 2.65 ஆண்டு. போன வருட மதிப்பையே போட்டுக்கொண்டிருக்காதீர்கள். இரும்பு, ஈயத் துண்டுகள் நிறைந்த டிரம்முக்கு வெற்று அறையின் பின்னணியை (டிரம் இல்லாதபோதும் பதிவாகும் எண்ணிக்கையை) கழிக்கவே கூடாது. காஸ்மிக் கதிர் உலோகத்தில் மோதினாலும் கூட்டமாகத்தான் நியூட்ரான் வரும். அதே எடையில் மாசில்லாத உலோகம் வைத்துப் பின்னணி எடுங்கள். குழாயின் சிறு துடிப்பைப் பெரிதாக்கும் முன்பெருக்கிப் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். ஈரம் ஏறினால் உயர் மின்னழுத்தம் கசிந்து பொய்த் துடிப்பு வரும். அதையும் புளூட்டோனியம் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்!

டிரம்மை மூடி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் 'கலப்புக் கழிவு' என்று ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். ஈரம் உண்டா, உலோகம் எவ்வளவு, புளூரைடு கலந்ததா, கியூரியம் கலந்திருக்கக்கூடிய எரிபொருள் மறுசுத்திகரிப்பிலிருந்து வந்ததா — இந்த நாலையும் எழுதி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.