லாரியைத் திட்டும் முன் ஆர்டர் நோட்டைப் பாருங்கள்

போன வாரம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு சிப்ஸ் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "சார், நம்ம சப்ளை செயின் சரியில்ல. நல்ல லாரி ஆபீஸ் ஒண்ணு சொல்லுங்க." ஓணம் முடிந்த பிறகு இதே கோரிக்கையோடு வந்த மூன்றாவது போன் இது. மூன்று பேரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். லாரி கிடக்கட்டும், கடைசி இரண்டு மாத ஆர்டர் நோட்டை எடுத்து வையுங்கள், நான் நேரில் வருகிறேன்.

தூத்துக்குடியில் கப்பல் சரக்கு வேலையில் தொடங்கி, இப்போது குமரி மாவட்டத்துச் சிறு தொழில்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "சப்ளை செயின்னா டிரான்ஸ்போர்ட்தானே?" இல்லை. தயவுசெய்து இதை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போக்குவரத்து அதில் ஒரு கண்ணி, அவ்வளவுதான். ஒரு பாக்கெட் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். குலை வெட்டும் விவசாயி, சந்தை, தேங்காய் எண்ணெய், பிரிண்ட் போட்ட கவர், அட்டைப்பெட்டி, எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும் மாஸ்டர், ஏஜென்ட், களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் இருக்கும் கடை, கடைசியில் வாங்கிப் போகிற ஆள். இத்தனையும் சேர்ந்ததுதான் சங்கிலி. அதில் சரக்கு மேலிருந்து கீழே வருகிறது. பணம் கீழிருந்து மேலே போகிறது. கூடவே இன்னொன்றும் மேலே போக வேண்டும்: இன்று உண்மையில் எவ்வளவு விற்றது என்ற தகவல். சரக்கு கண்ணுக்குத் தெரியும், பணம் பாஸ்புக்கில் தெரியும். தகவல் எங்கேயும் தெரியாது. அதனால் எது கெட்டாலும் பழி லாரி மேல் விழுகிறது.

1982-ல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற பெயரை முதலில் வெளியில் பேசியபோதும் அவர் லாரியைப் பற்றிப் பேசவில்லை. உற்பத்தி ஒரு முடிவு, விற்பனை ஒரு முடிவு, கணக்குப்பிரிவு ஒரு முடிவு என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பதை நிறுத்துவது பற்றித்தான் பேசினார்.

சரி, மார்த்தாண்டத்துக்கு வருவோம். கிட்டங்கியைத் திறந்ததும் நெஞ்சளவுக்கு அட்டைப்பெட்டி. முன்வரிசைப் பெட்டியில் போன வாரத் தேதி. கையை நீட்டிப் பின்சுவர் ஓரத்துப் பெட்டி ஒன்றை இழுத்தால் அதில் ஆடி மாதத் தேதி. ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன். சிப்ஸ் பார்க்க நல்ல மஞ்சளாக, மொறுமொறுப்பாகத்தான் இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் சிக்கு வாடை. உரிமையாளரும் முகர்ந்து பார்த்தார், எதுவும் பேசவில்லை. புதுச் சரக்கை முன்னால் அடுக்கி, முன்னாலிருந்தே எடுத்துக் கொடுத்தால் பழையது சுவரோடுதான் கிடக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. கிட்டங்கிக்கு இரண்டு வாசல் இல்லையென்றால் நடுவில் ஒரு ஆள் நடக்க வழியாவது விடுங்கள்.

ஆனால் அவ்வளவு பெட்டி ஏன் சேர்ந்தது? அதற்கு விடை ஆர்டர் நோட்டில் இருந்தது. கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வாரம் 100 பாக்கெட் விற்கிற கடை, ஓணத்துக்கு 120 போகும் என்று நினைத்து, கையில் கொஞ்சம் இருக்கட்டுமே என்று 140 கேட்கிறது. ஏஜென்ட், கடைசி நேரத்தில் கம்பெனிக்காரன் கைவிரிப்பான் என்று பயந்து 200 சொல்கிறார். மொத்த வியாபாரி அதை 260 ஆக்குகிறார். நீங்கள் அந்த 260-ஐப் பார்த்து, விலை ஏறுமுன் காயும் எண்ணெயும் 320 பாக்கெட்டுக்கு வாங்கிப் போடுகிறீர்கள். ஓணம் முடிந்தது. கடையில் விற்றது 118. மற்றதெல்லாம் ரிட்டர்ன், அல்லது உங்கள் சுவர் ஓரம்.

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். சாட்டைப் பிடியில் கை லேசாக அசைந்தாலே நுனி எகிறும் இல்லையா, அப்படி. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961-லேயே இதை விளக்கிவிட்டார். பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தன் குழந்தை டயப்பரில் இதைக் கண்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன, ஆனால் கம்பெனிக்கு வந்த ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. இந்தச் சங்கிலியில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்த ஆளின் பயத்தை விற்பனை என்று நம்பினார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே கம்பெனியில் மசாலா சிப்ஸுக்குக் கவர் இல்லாமல் ஆறு நாள் வேலை நின்றிருக்கிறது. ஒரு பக்கம் கெட்டுப்போகிற அளவு சரக்கு, மறுபக்கம் ஒரு ரூபாய் கவருக்காகச் சட்டி அணைந்து கிடக்கிறது. விலை அதிகமான பொருளைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள். வந்து சேர அதிக நாள் எடுக்கும் பொருளை முதலில் கவனியுங்கள். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஒரு நாளைக்கு 400 கவர் போகிறது, ஆர்டர் கொடுத்தால் வர 25 நாள் ஆகிறது என்றால் 10,000. அச்சகம் பத்து நாள் தாமதித்தால் தாங்க இன்னும் 4,000. ஆக, கையிருப்பு 14,000-ஐத் தொட்ட அன்றே ஆர்டர் போய்விட வேண்டும். "தீரும்போது சொல்லலாம்" என்பது திட்டமே இல்லை.

இன்னொன்று. இரண்டு சப்ளையர் வையுங்கள் என்று நானேதான் எல்லாரிடமும் சொல்வேன். ஒருவர் அப்படியே செய்தார், இரண்டு பேரும் தூத்துக்குடிக்காரர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தூத்துக்குடி மூழ்கியபோது இரண்டும் சேர்ந்தே நின்றன. ஒரே ஊர், ஒரே ரோடு என்றால் அது ஒரு சப்ளையர்தான். நம் மாவட்டத்து மீன் வியாபாரிகளைப் பாருங்கள். சின்னமுட்டத்தில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் பக்கம் மேற்குக் கடல், அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்தத் தேதிகளை வைத்து அவர்கள் எந்த மாதம் எங்கே மீன் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். உங்கள் தொழிலிலும் இப்படித் தெரிந்த தடைகள் உண்டு. ரப்பருக்கு மழை, காய்க்குப் பண்டிகை விலை. காலண்டரில் இப்போதே குறியுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவைச் செய்த சிறு உற்பத்தியாளர் நீங்கள் என்றால், உங்களிடம் வாங்கியவர் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு இலவசம். இன்னும் செய்யாதவர்கள் இன்றே செய்யுங்கள்.

ஓணம் போய்விட்டது, அதை விடுங்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரிக்கு வரத் தொடங்கும், அடுத்த சாட்டை அங்கேதான் சுழலும். அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் சிப்ஸ் தொங்கும் ஐந்து கடைக்கு நீங்களே போங்கள், ஏஜென்டை அனுப்ப வேண்டாம். "எவ்வளவு வேணும் அண்ணாச்சி" என்று கேட்காதீர்கள். "நேத்து எத்தனை பாக்கெட் வித்துது" என்று கேட்டு, அதை அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள்.