தோலில் கேட்டு இதயத்தை வரைதல்

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் இறக்கி, மறுநுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். மட்டக்களப்பில் பிறந்த எவரும் இதைக் கேள்விப்படாமல் வளர்ந்திருக்க முடியாது. ஓசை கேட்கிறது, சரி. வாவியின் அடியில் எந்த இடத்திலிருந்து? ஒரு துடுப்பை வைத்துச் சொல்ல இயலாது. நூறு தோணிகளில் நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்டால்?

இதயத்தைப் பற்றியும் இதே கேள்விதான்: தோலில் பதியும் மின்துடிப்பு இதயத்தின் எந்த இடத்திலிருந்து வருகிறது? வழக்கமான ஈசிஜிக்கு உடலில் ஒட்டுவது 10 மின்வாய்கள். துடிப்பின்போது இதயத்தசைக் கலமொன்றின் மென்சவ்வில் ஏறத்தாழ 100 மில்லிவோல்ற்று மாற்றம் நிகழ்கிறது. தோலுக்கு வந்து சேர்வது 1 மில்லிவோல்ற்று அளவே. மெலிந்தால் பெருக்கிக்கொள்ளலாம். கலங்கிப்போவதுதான் தொல்லை: இதயத்தில் அருகருகே நடக்கும் இரண்டு நிகழ்வுகள் தோலில் ஒன்றாகவே தெரியும்.

ஆகவே சுமார் 250 மின்வாய்கள் பதித்த அங்கியொன்றை அணிவித்து, சிரி ஸ்கானில் இதயத்தினதும் மார்பினதும் வடிவத்தை எடுக்கிறார்கள். மிச்சம் கணிதம்.

உடலின் உள்ளே மின்மூலங்கள் எப்படிப் பரந்திருந்தாலும், வெவ்வேறு பரம்பல்கள் வெளியே ஒரே அளவீட்டைத் தரலாம் என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். அதனால் இதயத்தின் உள்ளே போகாமல், அதன் வெளிப்பரப்பிலுள்ள மின்னழுத்தத்தை மட்டும் தேடுகிறார்கள். அந்தப் பரப்புக்கும் தோலுக்கும் இடையே மின்மூலம் இல்லை. மூலமில்லாத இடத்தில் மின்னழுத்தம் எப்படிப் பரவும் என்று சொல்லும் லாப்லாஸ் சமன்பாடு அங்கே செல்லும். இதயப் பரப்பு தெரிந்தால் தோலைக் கணிக்கலாம்: ஒரு தாயத்தால், அதாவது நிரை நிரலாக அடுக்கிய எண்களின் அட்டவணையால், பெருக்கினால் போதும். நமக்கு வேண்டியதோ மறுதிசை.

நேர்மாறுத் தாயத்தை எடுத்துப் பெருக்கிவிடலாமே என்று உயர்தரக் கணித மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. அப்படிச் செய்தால் ஒரு மூச்சின் அசைவு, ஒரு தசையின் துடிப்பு போன்ற சிறு பிழையும் பன்மடங்கு வீங்கி, விடை முழுவதையும் விழுங்கிவிடும்.

ரஷ்யக் கணிதவியலாளர் திகனோவின் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. விடையிடம் இரண்டு நிபந்தனைகள்: தோலில் பதிந்ததோடு ஒத்துப்போக வேண்டும், கண்டபடி எகிறவும் கூடாது. இரண்டில் எதற்கு எவ்வளவு எடை? இரண்டாவதற்குக் கூடக் கொடுத்தால் பழைய மாரடைப்பின் தழும்பு விளிம்பும் மழுங்கிவிடும். குறைத்தால் பதிவில் கலந்த சிறு பிழைகளே நோய்போலத் தோன்றும். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் உயிரே அந்த ஒற்றை எண்ணில்தான் இருக்கிறது.

2004இல் உயிர்மருத்துவப் பொறியியலாளர் யோராம் ரூடியின் குழு இந்த முறையில் மனித இதயங்களின் வரைபடங்களை வெளியிட்டது. தாளம் தப்பிய துடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை, கதீற்றர் எனும் மெல்லிய குழாயை இதயத்தின் உள்ளே செலுத்துமுன்பே இப்படி ஊகிக்க முடிகிறது. ஆனால் இடது, வலது இதயவறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் அது தொடங்கினால், வெளிப்பரப்பில் முதலில் தலைகாட்டும் இடம்தான் படத்தில் விழும்.