ஆணுறுப்புல சின்ன கிழிசல், கீறல் ஆனா உடனே டெட்டால் பாட்டிலை எடுக்காதீங்க

கிளினிக்குக்கு இந்த பிரச்சனையோட வர்ற ஆம்பளைங்க நெறைய பேருக்கு, முதல்ல பட்ட காயம் என்னவோ நகக்கண் அளவு தான் இருந்திருக்கும், நான் பாக்கும்போது மொத்த தோலும் வீங்கி செவந்து நிக்கும். என்ன போட்டீங்கன்னு கேட்டா தயங்கி தயங்கி சொல்வாங்க. ஒருத்தர் டெட்டாலை தண்ணி கலக்காம அப்படியே ஊத்தியிருப்பார், ஒருத்தர் ரத்தம் நிக்கணும்னு காபித்தூள் அப்பியிருப்பார், இன்னொருத்தர் மெடிக்கல்ல வாய்க்கு வந்ததை சொல்லி ஒரு ட்யூப் வாங்கி ரெண்டு வாரமா தேய்ச்சிருப்பார். வெட்கத்துல யார்கிட்டயும் சொல்ல முடியாம கையில கிடைச்சதை போடுறாங்க, எனக்கு இதுல கோபமே வர்றதில்ல, வருத்தம் தான் வருது. ஏன்னா சும்மா விட்டிருந்தா அதுல பாதிக்கு மேல தானா ஆறியிருக்கும்.

அடிக்கடி பாக்கிறது மொட்டுக்கு அடிப்பக்கம் முன்தோலை பிடிச்சிருக்கிற அந்த மெல்லிசான மடிப்பு கிழியிறது தான். உடலுறவுல ஈரம் பத்தாம போனா, அவசரப்பட்டா, கையால பண்ணும்போது வேகமா இழுத்தா கிழியும். அதுக்குள்ள ஒரு சின்ன ரத்தக்குழாய் போகுது, அதனால காயத்தோட அளவுக்கு சம்பந்தமே இல்லாம ரத்தம் கொட்டும், பாத்தவங்க பயந்துடுவாங்க. கல்யாணமான புதுசுல இப்படி ஆகி "நரம்பு அறுந்துடுச்சு டாக்டர், இனிமே முடியாதா"ன்னு அழுத பசங்க உண்டு. அப்படி எதுவும் இல்ல, அது தோல் தான், ஆண்மைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, குழந்தை பிறக்கிறதுக்கும் பாதிப்பு இல்ல. சுத்தமான துணியை வெச்சு 10-15 நிமிஷம் விடாம அமுக்கி பிடிங்க, நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க, பாத்தா உறைஞ்சது பிச்சிக்கிட்டு வந்துடும். நூல் கட்டுறது, ரப்பர் பேண்ட் போடுறது, சுத்தி இறுக்கமா கட்டுப்போடுறது எல்லாம் வேண்டவே வேண்டாம். இப்படி அமுக்கியும் நிக்கலன்னாலோ, நீங்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறவரா இருந்து கசிஞ்சுகிட்டே இருந்தாலோ ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

ரத்தம் நின்னதுக்கு அப்புறம் வேலை ரொம்ப கம்மி. வெறும் தண்ணியில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, கொஞ்சம் வேசலின் தடவுங்க, போதும். சோப்பு, ஸ்பிரிட், பவுடர், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஒண்ணுக்கு போகும்போது எரிஞ்சா போகப் போகவே மேல தண்ணி ஊத்திக்கங்க, எரிச்சல் கொறையும். ராத்திரி கைலியோட காத்தோட்டமா படுங்க, பகல்ல லூசான காட்டன் ஜட்டி. கழுவுறதுக்காக முன்தோலை பின்னாடி தள்ளினா மறக்காம முன்னாடி இழுத்து விட்டுடுங்க. அப்படியே விட்டு அது திரும்ப வராம மாட்டிக்கிட்டு மொட்டு வீங்க ஆரம்பிச்சா காலையில பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது, அன்னிக்கே, அந்த நேரத்துலயே எமர்ஜென்சிக்கு போகணும், லேட் ஆனா மொட்டுக்கு ரத்த ஓட்டம் கெடும்.

சாதாரண கிழிசல் ஒண்ணு ரெண்டு வாரத்துல கூடிடும். வலி போனதும் ஆறிடுச்சுன்னு நினைச்சு மறுபடி ஆரம்பிச்சிடுறாங்க, அங்க தான் திரும்ப கிழியுது, தழும்பாகி சுருங்குது, சுருங்கினா இன்னும் சுலபமா கிழியுது. தோல் முழுசா மூடின பிறகும் சில நாள் விட்டுடுங்க. பிறகு தண்ணி பேஸ்ல வர்ற லூப்ரிகண்ட் ஜெல் போடலாம், காண்டம் போடுறவங்க தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீங்க, எண்ணெய் பட்டா லேட்டக்ஸ் கிழிஞ்சிடும். அதே இடம் திரும்பத் திரும்ப கிழிஞ்சா அந்த மடிப்பு குட்டையா இருக்கலாம், சின்ன ஆபரேஷன்ல சரியாயிடும்.

இப்ப அந்த ட்யூப் விஷயம். மெடிக்கல்ல அரிப்பு, படைன்னு சொன்னா தர்ற கலவை கிரீம் பலதுல ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக் எல்லாம் ஒண்ணா இருக்கும், பெரும்பாலும் குளோபெட்டசால்னு ரொம்ப ஸ்ட்ராங்கான ஸ்டீராய்டு. போட்ட ரெண்டு நாள் சுகமா இருக்கும், உள்ள காயம் ஆறுறது தள்ளிப்போகும், பூஞ்சை பரவும், தோல் மெலிஞ்சு தொட்டாலே கிழியும். விதைப்பை தோல் முன்கை தோலை விட சுமார் 42 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சுதுன்னு 1967லயே அளந்து பாத்திருக்காங்க. 2018ல மத்திய அரசு தடவுற ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு ஷெட்யூல் ஹெச்ல சேர்த்துச்சு, ஆனா இன்னிக்கும் கேட்டா எடுத்துக் கொடுக்கிற கடைங்க இருக்கு. முடி எடுக்கிற கிரீமும் அப்படித்தான், விதைப்பையில போட்டு வெந்து போய் வர்றாங்க, கத்தரியால கட்டையா வெட்டி விட்டா போதுமே.

ஒண்ணுமே பண்ணாம முன்தோல் ஓரத்துல வட்டமா சின்னச் சின்ன வெடிப்பு வருதா, ஆறுது, திரும்ப வருதா, தோலை பின்னாடி தள்ள முடியாம இறுகிகிட்டே போகுதா, தயவுசெஞ்சு முதல்ல சுகர் டெஸ்ட் எடுங்க. எனக்கு சுகரே இல்லன்னு அடிச்சு சொல்றவங்களுக்கு டெஸ்ட் எடுத்தா 300ன்னு வரும், சுகர் இருக்குன்னே அங்க இருந்து தான் தெரிய வரும். ஒண்ணுக்குல சர்க்கரை போனா பூஞ்சைக்கு கொண்டாட்டம். சுகருக்கு தர்ற டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை சர்க்கரையை ஒண்ணுக்கு வழியா தான் வெளியேத்துது, நல்ல மாத்திரைங்க தான், ஆனா சாப்பிடுறவங்க ஒவ்வொரு தடவையும் கழுவி ஈரம் ஒத்தி எடுக்கணும், வெடிப்பு வந்தா மாத்திரையை நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லணும். சுகர் உள்ளவங்களுக்கு அந்த இடத்துல தாங்க முடியாத வலி, காய்ச்சல், வேகமா பரவுற வீக்கம், தோல் கறுக்கிறது இருந்தா உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம் கூட காத்திருக்காதீங்க.

ஜிப்புல மாட்டிக்கிட்டா, பெரும்பாலும் சின்னப் பசங்க தான், இழுக்காதீங்க. எண்ணெய் விட்டு பாருங்க, வரலன்னா பேண்ட்டை வெட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, ஜிப்போட நடு கம்பியை கட் பண்ணினா பல்லு தானா பிரிஞ்சிடும்.

அடிபடாமலே புண் வந்தா அது காயம் இல்ல. வலியே இல்லாத ஒரு புண், உறவு வெச்சு சுமார் மூணு வாரம் கழிச்சு வந்தா சிபிலிஸ்ங்கிற பால்வினை நோயா இருக்கலாம், அது சில வாரத்துல தானா மறைஞ்சிடும், நோய் மட்டும் உள்ள இருக்கும். வலி மாத்திரையோ சில ஆன்டிபயாடிக்கோ சாப்பிடும்போதெல்லாம் மொட்டுல அதே இடத்துல கறுப்பா புண் வந்தா மருந்து அலர்ஜி, அந்த மாத்திரை அட்டையை கொண்டு வாங்க. மூணு நாலு வாரமாகியும் ஆறாத எந்த புண்ணையும் சதை எடுத்து டெஸ்ட் பண்ணி பாக்கணும், ரொம்ப அபூர்வம்னாலும் புற்றுநோய் இல்லன்னு உறுதி பண்ணிக்கணும்.

அரசு ஆஸ்பத்திரில தோல் நோய், பால்வினை நோய் பிரிவு இருக்கு, எச்ஐவி டெஸ்டுக்கு நம்பிக்கை மையம் இருக்கு, டெஸ்ட் இலவசம், ரகசியமும் காப்பாங்க. பாதுகாப்பில்லாத உறவுல காயம் பட்டிருந்தா 72 மணி நேரத்துக்குள்ள போங்க, எச்ஐவி தடுப்பு மாத்திரை அதுக்குள்ள ஆரம்பிச்சா தான் பலன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரிசப்ஷன்ல என்ன பிரச்சனைன்னு கேட்டா "தோல் பிரச்சனை"ன்னு மட்டும் சொல்லுங்க, மீதியை உள்ள டாக்டர்கிட்ட சொன்னா போதும், கூடவே இதுவரைக்கும் போட்ட ட்யூப், மருந்து எதுவா இருந்தாலும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க.