போனைப் பிடுங்குறதுக்கு முன்னாடி பிடி பீரியடைக் கேளுங்க

"கிளாஸ்ல எல்லார் வீட்டுலயும் போன் குடுக்குறாங்க, ஸ்கூலே ஹோம்வொர்க்கை வாட்ஸப்ல தான் அனுப்புது, நான் மட்டும் எப்படிங்க ஸ்கிரீன் டைமைக் குறைக்கிறது, பொண்ணுக்கு இப்பவே கண்ணாடி வந்துருமோ"ன்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. கண்ணு விஷயத்தை மட்டும் எடுத்துக்குறேன்.

கிட்டப்பார்வைன்னா கண்ணு நீளமாகி பிம்பம் விழித்திரைக்கு முன்னாடியே விழுறது, ஸ்கூல்ல படிச்சது தான். ஆனா எவ்வளவு நீளம் வளரணும்னு கண்ணுக்கு யாரு சொல்றா? மூளைன்னு தான நினைப்போம்! கோழிக்குஞ்சுக்கு மைனஸ் லென்ஸ் மாட்டிப் பாத்தாங்க, பிம்பம் விழித்திரைக்குப் பின்னாடி போச்சு, கண்ணும் அதைத் துரத்திக்கிட்டுப் பின்னாடியே வளந்துச்சு, ப்ளஸ் லென்ஸ்னா வளர்ச்சி மெதுவாயிடுச்சு. மூளைக்குப் போற நரம்பை வெட்டிட்டாலும் கண்ணு நீளுறது நிக்கல. இன்னும் கேளுங்க, ஜோஷ் வால்மன்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 1987ல விழித்திரையில பாதிக்கு மட்டும் காட்சியை மறைச்சாங்க, கண்ணுல அந்தப் பாதி மட்டும் நீண்டுச்சு! விழித்திரையே பக்கத்துல இருக்குற சுவருக்கு நேரடியா உத்தரவு போடுது. (கோழிக்குஞ்சுக்குக் கண்ணாடி மாட்ட காசு வேணும்னு நம்ம ஊர் கமிட்டில கேட்டா சிரிச்சே அனுப்பியிருப்பாங்க.)

"வளந்தது போதும்"னு சொல்ற உத்தரவுல டோபமைன்ங்கிற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நினைக்கிறாங்க. ஆமா, போன் அடிமைத்தனத்துக்கு வில்லனா காட்டுற அதே டோபமைன், ஆனா இது விழித்திரைக்குள்ளயே சுரக்குறது, நல்ல வெளிச்சம் பட்டா அதிகமா சுரக்கும். வீட்டு டியூப்லைட்ல சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) தான், வெளிய மர நிழல்லயே சில ஆயிரம் வரும்.

சீனாவுல குவாங்சோ நகரத்துல 12 ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் பசங்களை வச்சு சோதிச்சாங்க, பாதி ஸ்கூல்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டாங்க, 3 வருஷத்துல அங்க 30.4% பேருக்குக் கிட்டப்பார்வை, மத்த ஸ்கூல்ல 39.5%. தைவான்ல 2010ல இருந்து தினமும் 120 நிமிஷம் வெளியன்னு அரசாங்கமே ஸ்கூல்களை முடுக்கி விட்டுச்சு. இங்க பிடி பீரியடை மேத்ஸ் டீச்சர் கடன் வாங்கிட்டுப் போயிடுறாங்க, எந்தப் பேரண்ட்டும் கேக்குறதில்ல, பொன்னாங்கண்ணி சாப்ட்டா கண்ணாடியைக் கழட்டிடலாம்னு மட்டும் கரெக்டா பார்வேர்ட் வருது. கீரை நல்லது தான், ஆனா நீண்ட கண்ணைச் சுருக்காது.

அதனால போனுக்காக நீங்க தனியா மல்லுக்கட்டுறதை விட, நாலு பேரண்ட்ஸ் சேந்து போய் அந்த பீரியடைக் கேளுங்க, சாயங்காலம் அதே பிரெண்ட்ஸ் கூட்டத்தை இருட்டுறதுக்குள்ள கிரவுண்டுக்குத் தள்ளுங்க. கண்ணாடி ஏற்கனவே வந்துட்டா வெளிச்சத்தோட பலன் அவ்வளவா இருக்காது, அப்போ கண் டாக்டர் கிட்ட கிட்டப்பார்வை ஏறுறதை மெதுவாக்குற அட்ரோபின் சொட்டு மருந்து பத்திக் கேட்டுப் பாருங்க.