சிப்ஸ் இல்லாமலே சிப்ஸ் விற்ற மனிதர்

1993 ஜனவரியில், சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு நடுவே மெக்டொனால்ட்ஸ் ஒரு விளம்பரம் போட்டது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் ஒரு பையோடு வருகிறார். உள்ளே பிக் மேக் பர்கரும் ஃபிரைஸும். ஓய்வு பெற்றிருந்த இன்னொரு கூடைப்பந்து நட்சத்திரம் லேரி பேர்ட், அதற்காக ஒரு பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார். முதலில் குறி தவறுபவர், ஜெயித்தவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் நடக்கவே முடியாத வீச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடைசியில் இருவரும் ஒரு வானளாவிய கட்டடத்தின் உச்சியில் இருந்து குறிபார்க்கிறார்கள். பர்கர் ஏன் நல்லது என்று ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. ஜோர்டனே விட்டுக்கொடுக்க மறுக்கும் பண்டம் அது, அவ்வளவுதான்.

சரி, காரணமே சொல்லாமல் ஒருவரை எப்படி இணங்க வைக்க முடியும்? ரிச்சர்ட் பெட்டி, ஜான் கசியோப்போ, டேவிட் ஷூமன் என்ற உளவியலாளர்கள் 1983-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு ரேசர் விளம்பரத்தைக் கொடுத்தார்கள். சிலருடைய பிரதியில் பிரபல விளையாட்டு வீரர்கள், சிலருடையதில் சாதாரண மனிதர்கள். சிலவற்றில் உருப்படியான காரணங்கள், சிலவற்றில் சொத்தைக் காரணங்கள். பரிசாக ஒரு ரேசரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்று தெரிந்தவர்கள் காரணங்களை எடைபோட்டார்கள். வீரர்களின் முகம் அவர்களிடம் பெரிதாக எடுபடவில்லை. ரேசரில் அக்கறையே இல்லாமல் பார்த்தவர்களிடம் முகம் வேலை செய்தது.

பர்கர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. விலை குறைவு, முடிவெடுக்க ஒரு நிமிடம் போதும், தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. அதிலும் டிவி பார்ப்பவர் சோபாவில் சாய்ந்திருக்கிறார். ஆராயும் மனநிலையில் இல்லை. (நம் ஊரில் வீட்டுமனையையே டிவி நடிகர்கள்தான் விற்கிறார்கள். அது தனிக் கதை.)

இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சேர்த்தே பார்த்தால், ஒன்றின் மேல் இருக்கும் விருப்பம் மற்றொன்றின் மேலும் படிந்துவிடும். இதற்கு நாம் சம்மதிக்க வேண்டியதில்லை, கவனிக்க வேண்டியதுகூட இல்லை. இந்தப் பிணைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சாட்சி பர்கர் அல்ல, உருளைக்கிழங்கு சிப்ஸ்.

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் கேரி லினேக்கர் 1986 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர். தன் ஆட்டவாழ்வில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காதவர். ஊர் இங்கிலாந்தின் லெஸ்டர். வாக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் சிப்ஸ் கம்பெனியின் ஊரும் அதுதான். 1995-இல் வாக்கர்ஸ் அவரை வைத்து எடுத்த முதல் விளம்பரத்தில், ஊர் திரும்பும் லினேக்கர் ஒரு சிறுவனின் சிப்ஸைப் பிடுங்கிக்கொள்கிறார். இப்படிப்பட்ட நல்லவரையே இந்தச் சிப்ஸ் கெடுத்துவிடுகிறது பார் என்பதுதான் நகைச்சுவை. விளம்பரங்கள் வருடக்கணக்காகத் தொடர்ந்தன. இதற்கிடையில் அவர் பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் ஆனார்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எம்மா பாய்லண்டும் குழுவினரும் 8 முதல் 11 வயது வரையிலான 181 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரும் ஒரு கார்ட்டூன் பார்த்தார்கள். நடுவில் ஒரு குழுவுக்கு லினேக்கரின் சிப்ஸ் விளம்பரம், இன்னொன்றுக்கு வேறொரு நொறுக்குத்தீனி விளம்பரம், மற்றொன்றுக்குப் பொம்மை விளம்பரம். நான்காவது குழுவுக்கு லினேக்கர் கால்பந்து நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் துண்டு மட்டும். பிறகு இரண்டு கிண்ணங்களில் சிப்ஸ் வைத்தார்கள். ஒன்று வாக்கர்ஸ், மற்றது வேறு கம்பெனியுடையது என்று சொல்லி. லினேக்கர் விளம்பரம் பார்த்தவர்கள் 'வாக்கர்ஸ்' கிண்ணத்தில் அதிகம் தின்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். கால்பந்துத் துண்டை மட்டும் பார்த்த பிள்ளைகளும் அதே மாதிரி அதிகம் தின்றார்கள் என்பதுதான் விஷயம். ஒப்பந்தப் பணம் விளம்பரத்துக்குத்தான். ஆனால் அவர் டிவியில் தலைகாட்டிய ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் கம்பெனிக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம்கூட வேண்டாம், காகிதம் போதும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாமஸ் ராபின்சன் குழு 3 முதல் 5 வயதுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை மெக்டொனால்ட்ஸ் உறையிலும் வெற்று உறையிலும் கொடுத்தது. 2007-இல் வந்த முடிவின்படி, ஐந்து உணவுகளில் நான்கில் பெயர் போட்ட உறையில் இருந்ததே ருசி என்றார்கள். அதில் கேரட்டும் பாலும்கூட அடக்கம்! வீட்டில் டிவி அதிகம் உள்ள குழந்தைகளிடம் இது இன்னும் தூக்கலாக இருந்தது.

விளம்பரப் படத்தில் பர்கரைப் பளபளப்பாக்கும் வித்தையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஊறுகாயையும் வெங்காயத்தையும் கேமரா பக்கம் தள்ளி, கெட்சப்பை ஊசிக்குழாயால் வைக்கும் வேலை அது. மெக்டொனால்ட்ஸ் கனடாவே 2012-இல் அதை வீடியோ எடுத்துக் காட்டியது. ஆனால் உண்மையான வேலையைச் செய்வது இந்தப் பளபளப்பு அல்ல, பழகிப்போன முகமும் பெயரும்தான்.

பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளின் விளம்பரம் இரவு 9 மணிக்கு முன் டிவியில் வரக் கூடாது. ஆனால் குறிப்பிட்ட பண்டத்தைக் காட்டாமல் கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் காட்டினால் தடை இல்லை. இந்த விலக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. லிவர்பூலில் அந்த நான்காவது குழு பார்த்த துண்டில் சிப்ஸ் விளம்பரமே கிடையாது. தன் பண்டம் என்ன என்பதைப் படம் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் புதிதாகக் கடை போடுகிறவருக்குத்தான். முப்பது வருடமாக டிவியில் இருக்கும் பெரிய கம்பெனிக்கு இல்லை.